பேரனோடு பூதம் பிடிக்கப் போனேன்

"பாட்டி, அசையாதே! உன் தோள் மேலே ஒரு வௌவால்!"

இப்படி ஒரு கூச்சல் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். காப்பி டம்ளரைப் போட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தேன். வௌவால் என் தோளில் இல்லை. பேரனுடைய கைபேசிக்குள் இருந்தது!

என் பெண் வயிற்றுப் பேரன் அவன். பதினொரு வயது. இரண்டு வருஷமாக லீவுக்கு வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான். "சாப்பிட்டாயா?" என்றால் "உம்", "தூங்கினாயா?" என்றால் "உம்". அப்படிப்பட்ட பிள்ளை வாய் திறந்து 'பாட்டி' என்று அலறினானே, அதுவே எனக்குப் பெரிய சமாசாரம். "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளையாட்டின் பெயர் போக்கிமான் கோ. நம் தேசத்துக்கு 2016 டிசம்பரில் வந்ததாம். ஆனால் போக்கிமான் என்பது அதற்கும் இருபது வருஷம் மூத்தது. 1996-ல் ஜப்பானில் பிறந்தது. அதை உண்டாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயசில் டோக்கியோவின் புறநகரான மச்சிடா என்ற ஊரில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயலும் குளமும் போய் அங்கே கட்டடம் முளைத்தது. அந்த ஏக்கத்தில்தான் பூச்சிக்குப் பதில் குட்டிப் பூதங்களைப் பிடிக்கும் விளையாட்டைப் படைத்தார். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த நமக்கா இது புரியாது?

உங்கள் வீட்டிலும் குழந்தை கேட்டால், ஆரம்பிக்கிற விதம் இதுதான். குழந்தைக்குத் தனிக் கணக்கு வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் தர வேண்டும். அதைச் செய்யும்போதே காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற வழிக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடுங்கள். காசில்லாமலே தாராளமாக விளையாடலாம். இதில் நான் கண்டிப்பு. முதலில் மூன்று பிராணிகள் எதிரே நிற்கும்: ஒன்று செடி, ஒன்று நெருப்பு, ஒன்று தண்ணீர். மூன்றையும் சட்டை செய்யாமல் சில தடவை விலகி நடந்தால் பிகாச்சு என்ற மஞ்சள் எலி தானே வந்து நிற்கும். பிடிவாதக்காரர்களுக்குக் கிடைக்கிற பரிசு அது!

பிடிப்பதற்குப் பந்து. பந்தை விரலால் சுண்டி எறிய வேண்டும். பிராணியைச் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். சின்னதாகும்போது அதற்குள் விழுந்தால் அகப்படும். மிரளுகிறதா? முதலில் ஒரு பழம் கொடுத்துத் தாஜா செய்யலாம். நான் முதல் நாள் பதினேழு பந்தை வீணாக்கினேன். பேரன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

முட்டைகளும் உண்டு. இரண்டு கிலோமீட்டர், ஐந்து, பத்து என்று நடந்தால்தான் பொரியும். (இந்த முட்டை கோயிலில் காட்டுகிறது என்று 2016-ல் குஜராத் உயர்நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள்!)

அந்த வாரமே கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பயல் முட்டையைப் பொரிக்கலாம் என்று பஸ்ஸில் கைபேசியைப் பிடித்துக்கொண்டே வந்தான். பொரியவில்லை. வண்டி வேகத்தில் போன தூரம் கணக்கில் சேராதாம். நாற்பதாவது வளைவில் தலை சுற்றி என் மடியில் படுத்துக்கொண்டான்.

மேலே போனால் இன்னொரு ஏமாற்றம். இலவசப் பந்து தருகிற நிறுத்தங்கள் சென்னையில் தெருவுக்கு ஒன்று. மலையில் தேடித் தேடிக் கண் பூத்தது. அந்த நிறுத்தங்களில் பெரும்பாலானவை விளையாடுகிறவர்களே எழுதிப் போட்டு ஏற்பட்டவை. ஜனம் அதிகமுள்ள இடத்தில் நிறைய, கிராமத்தில் பஞ்சம். ஆகவே ஊரிலேயே பந்து சேர்த்துக்கொண்டு மலை ஏறுங்கள்.

செம்மேட்டில் பனிமூட்டம் இறங்கியது. பேரனுக்கு ஒரே குஷி! வெளியே என்ன வானிலையோ அதுவேதான் விளையாட்டிலும். மூடுபனியில் பேய் வகையும் இருட்டு வகையும் அதிகம் தலை காட்டும். மழையில் தண்ணீர் வகையும் பூச்சி வகையும்.

மறுநாள் ஆகாய கங்கை. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். பாதி வழியில் படி ஈரம். முன்னே போனவன் கண்ணைத் திரையில் வைத்தபடியே காலை எடுத்து வைத்தான். வழுக்கியது. சட்டைக் காலரைப் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். திட்ட வாய் வரவில்லை. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நடக்கும்போது கைபேசி பைக்குள், நின்றால்தான் கையில். அன்று போட்ட சட்டம் இது. விளையாட்டைத் திறக்காமலே நடையை எண்ணிக்கொள்ள அதற்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் முட்டைக்கும் நஷ்டமில்லை.

கைபேசி பைக்குள் போனதும் பேச்சு வெளியே வந்தது. வல்வில் ஓரி கதையைச் சொன்னேன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார் என்றேன்.

"ஒரே பந்திலே அஞ்சா!" என்று வாயைப் பிளந்தான்.

"இந்த மலைக்கே சொந்தமாக ஒருத்தி இருக்கிறாள், கொல்லிப்பாவை. சிரித்தே ஆளை மயக்குவாள்."

"எந்த லெவல்லே அவளைப் பிடிக்கலாம் பாட்டி?"

"அவளைப் பிடிக்க முடியாதுடா. அவள் சிரித்தால் பிடிக்கப் போனவன் திரும்ப மாட்டான்."

சற்று நேரம் பேசாமல் படி ஏறினான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றான்.