மேசைக்கு அங்கிட்டு உட்கார்ந்திருப்பவர் யார்?

எழுத்துத் தேர்வில் ஜெயித்துவிட்டு நேர்முகத் தேர்வில் தோற்கிறவர் நம்மாளாக இருந்தால், அதற்கு ஒரு காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. 'பெர்சனாலிட்டி பத்தல.' இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு நம் பிள்ளைகளே அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். என் ஆத்திரமெல்லாம் இதில்தான். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் படிக்கிற பிள்ளைகள். எழுத்துத் தேர்வைப் பற்றிக் கேட்டால் குரல் கணீரென்று வருகிறது. இன்டர்வியூ என்றதும் சுருதி இறங்கிவிடுகிறது. "அதெல்லாம் நமக்கு வராதுக்கா."

எது வராது? அறிவா? மொழியா? அந்த அறைக்குள் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரிந்ததால் வருகிற பயம் இது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன், இது அனுபவம்.

நமது முன்னோர்கள் இதை எப்போதோ கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் நடந்த சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கோரியபோது, இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் பறையர் மகாஜன சபை அதை எதிர்த்தது. 1893இல் 3,412 பேர் கையெழுத்திட்ட மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்த கதையாக இதைச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் அந்த மனுவுக்குள் இருந்த கேள்வியைத் தொடுவதே இல்லை. தேர்வு இங்கே நடந்தால் நாற்காலியில் யார் உட்காருவார்? உட்கார்ந்தவர் எங்களை எப்படி நடத்துவார்? நூற்றுமுப்பது வருடம் ஆகியும் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

'திறமை இருந்தா யாரு தடுக்க முடியும்?' என்பார்கள். எப்படித் தடுக்கிறார்கள் என்று ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மாற்றியது பெயரை மட்டும். ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். அழைப்பு வருவதற்கான வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை, பெயரை வைத்தே இவ்வளவு! அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதியில் 25 பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். எங்களுக்குச் சாதி கிடையாது, திறமைதான் முக்கியம் என்றார்கள் அதிகாரிகள். அடுத்த மூச்சிலேயே, விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி'யைக் கட்டாயம் கேட்போம் என்றார்கள். திறமைக்கும் அப்பன் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே சாதி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'பின்னணி' என்றும் 'பண்பு' என்றும் 'பெர்சனாலிட்டி' என்றும் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அரசு உதவி பெறும் ஒரு கல்லூரிக்குத் தமிழ் விரிவுரையாளர் வேலைக்காக நானும் போயிருக்கிறேன். எம்.ஏ. முடித்து, நெட் தேர்ச்சி பெற்று, மூன்று மாதம் சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் கரைத்துக் குடித்துவிட்டுப் போனேன். காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லிக் கடிதம். ஒரு இடத்துக்கு நாற்பது பேருக்கு மேல். வேப்பமரத்தடியில் நின்றோம், வராந்தாவில் உட்கார்ந்தோம், எழுந்து போனால் அந்நேரம் கூப்பிட்டுவிடுவார்களோ என்று டீ குடிக்கக்கூடப் போகவில்லை. என்னை அழைத்தபோது மாலை நாலரை. உள்ளே ஏழு பேர். முதல் கேள்வி, "சொந்த ஊரு எதும்மா?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, மெயின் ரோட்டத் தாண்டியா?" சொன்னேன். "அப்பா?" "கல்குவாரியில கல்லு உடைக்கிறவர்." மூன்று தலை ஒரே நேரத்தில் குனிந்து தாளில் எதையோ எழுதின. இன்னும் நான் ஒரு செய்யுளைக்கூடச் சொல்லவில்லை! அதற்குப் பிறகுதான் கற்பொழுக்கம் பற்றி ஒரு கேள்வி, அகத்திணை பற்றி ஒரு கேள்வி. கடைசியாக ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "பேச்சுல கொஞ்சம் கிராமத்து வாடை அடிக்குதேம்மா" என்றார். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் படிக்க வேண்டுமாம், ஆனால் வயக்காட்டுப் பேச்சு வாடையாம்! பதினோரு நிமிடத்தில் முடிந்தது. வேலை கிடைக்கவில்லை. அந்தத் தாளில் என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னைவிட நன்றாகப் பதில் சொன்ன ஒருவருக்கு அந்த வேலை போயிருக்கலாம். அதைக் காட்டட்டும். காட்ட முடியாத தீர்ப்பை நான் ஏன் தலைவணங்கி ஏற்க வேண்டும்?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 100 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 50 மதிப்பெண் நேர்முகத்துக்கு என்று வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பெற்றோரையும் குடியிருப்பையும் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. கேசட் காலத்தில் சொன்னது! இன்று ஒவ்வொருவர் மடியிலும் கேமரா வைத்த செல்போன் இருக்கிறது, தேர்வு அறைக்குள் மட்டும் பதிவுக் கருவி நுழைய மாட்டேன் என்கிறது. அரியானா அரசுப் பணித் தேர்வில் நேர்முகத்துக்கு 22.2 விழுக்காடு வைத்ததும் அதிகம் என்று 1985இல் அதே நீதிமன்றம் சொன்னது.

நம் ஊர்க் கணக்கையும் பார்ப்போம். 2013இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கல்லூரிகளுக்கு உதவிப் பேராசிரியர்களை எடுக்க வைத்த மதிப்பெண் மொத்தம் 34. கற்பித்த அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்முகத்துக்கு 10. எழுத்துத் தேர்வு இல்லாத முறை, அதனால் அந்தத் தீர்ப்புகள் அப்படியே பொருந்தாது என்று வக்கீல்கள் சொல்லலாம். சொல்லட்டும். நான் கேட்பது வேறு. அனுபவத்துக்கு 15 என்றால், அந்த அனுபவம் எங்கே கிடைக்கும்? தனியார் கல்லூரியில். அங்கே நுழைவதற்கும் நேர்முகம்தானே? ஒரு வாசலில் தள்ளிவிட்டு, அடுத்த வாசலில் 'முன் வாசல் வழியாக வந்தாயா?' என்று கேட்பது என்ன நியாயம்?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. 'தகுதியானவர் எவருமில்லை' என்று ஒரு வரி எழுதி, ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாகவே போட்டுவிடுவது. அப்படிக் கிடக்கும் இடங்களை ஒதுக்கீட்டிலிருந்தே விடுவிக்க வழி சொல்லும் வரைவு ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டது. எதிர்ப்பு வெடித்த பிறகு, 2024 ஜனவரியில், அப்படி எந்த இடமும் விடுவிக்கப்படாது என்று கல்வி அமைச்சகம் சொன்னது. கூச்சல் போட்டதால் நின்றது. கூச்சல் போடாத இடங்களில் என்ன நடக்கும்?

மேலூர்ப் பக்கம் எங்கள் இரவுப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம். ஐந்து பேர் மேசை போட்டு உட்காருவோம், ஒருவரை எதிரே உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்போம். பாடத்தில் கேட்போம், பட்ஜெட்டில் கேட்போம், நடுவில் திடுதிப்பென்று 'எந்தத் தெரு? அப்பா என்ன வேலை?' என்றும் கேட்போம். முதல் வாரம் கண்ணில் நீர் கட்டும். நாலாவது வாரம் அதே பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க அப்பா துப்புரவுப் பணியாளர் சார், அடுத்த கேள்வி கேளுங்க" என்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குகிறோம். சாதிச் சான்றும், தமிழ்வழியில் படித்த சான்றும் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். தமிழ்வழியில் படித்தவர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. முடிவு வந்தபின் தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண் கேட்டு மனு எழுதவும் சொல்லித்தருகிறோம். ஒன்றை மட்டும் சொல்லித்தருவதில்லை: ஊரை மறைக்க, அப்பனை மறைக்க, பேச்சை மறைக்க. கோச்சிங் சென்டர்காரர்கள் அதற்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். 'நியூட்ரலா பேசு' என்கிறார்கள். யாருடைய பேச்சு நியூட்ரல்?

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் தாளில் அழித்த சொல்லை வாயால் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் இடமாக நேர்முக அறை இருக்கும்வரை அந்த அழிப்பு பாதி வேலைதான்.

நமக்குள்ளும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேசைக்கு அங்கிட்டு நம்மில் ஒருவர் போய் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்காடியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி மாறினால் போதாது, அந்த நாற்காலியைக் கேள்வி கேட்கிற முறையும் வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். அரசுப் பணத்தில் சம்பளம் தரும் எந்த வேலைக்கும் நேர்முகம் முழுவதையும் பதிவு செய்து, கேட்பவருக்கு நகல் தர வேண்டும். ஊர்ப் பக்கம், தெரு, பெற்றோர் தொழில் பற்றிய கேள்விகளைத் தடை செய்ய வேண்டும். தேர்வுக் குழுவில் தலித்துகளும் பெண்களும் மதிப்பெண் போடும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும், ஒப்புக்கு அல்ல. ஒவ்வொரு கேள்விப் பிரிவுக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டு வெளியிட வேண்டும். 'தகுதியானவர் இல்லை' என்று எழுதுகிறவர், வந்த ஒவ்வொருவரும் ஏன் தகுதியில்லை என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உதவி பெறும் கல்லூரிகள் இனச்சுழற்சிப் பட்டியலை வாசலிலேயே ஒட்ட வேண்டும்.

மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே எடுத்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. கடைநிலை ஊழியரை எழுத்துத் தேர்வை நம்பி எடுக்கலாம், பேராசிரியரை மட்டும் மூடிய அறையில் முகம் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமா? அப்படியென்றால் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். படிக்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இனி தயாராக வேண்டியது அவர்கள்.