கேட்கட்டுமே குழந்தைகள்!

தேசிய விடுமுறை நாள் என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க் கொடி ஏற்றிவிட்டு, மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு சீக்கிரமே வீடு திரும்பிவிடுவார்கள். அப்புறம் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "ஏம்மா இன்னிக்கு லீவு? ஏம்மா குக்கர் விசில் அடிக்குது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கை வேலையாக இருக்கும்போது, "சும்மா இரேன், தொணதொணக்காதே!" என்றுதான் நமக்குச் சொல்ல வரும்.

ஆனால் சகோதரிகளே, நாலு தடவை வாயை அடக்கினால் ஐந்தாவது தடவை குழந்தை நம்மைக் கேட்காது. தானே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகும். நெருப்பும் நீராவியும் இருக்கிற இடத்தில் அது எவ்வளவு ஆபத்து! அதனால் நாலைந்து பதில்களைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம், வாருங்கள்.

"சுதந்திரம் ஆகஸ்டுல வந்துது. குடியரசு தினம் மட்டும் ஏன் ஜனவரியில?"

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மகாநாடு, பூரண சுயராஜ்யமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. 1930 ஜனவரி 26-ஆம் தேதியைச் சுதந்திர தினமாகக் கொண்டாடச் சொன்னது. ஊர் ஊராக மக்கள் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். ஆனால் நிஜமான சுதந்திரம் வந்தது 1947 ஆகஸ்டு 15-ல். அப்போது பழைய தேதி என்ன ஆவது? நம் அரசியல் சட்டத்தை 1949 நவம்பர் 26-லேயே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இருந்தாலும் முகூர்த்த நாளுக்குக் காத்திருப்பதுபோல இரண்டு மாதம் பொறுத்திருந்து, 1950 ஜனவரி 26-ல்தான் அதை முழுசாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லுங்கள். ஆகஸ்டு 15-ல் டெல்லிச் செங்கோட்டையில் பிரதமர் கயிற்றை இழுக்கும்போது கொடி கீழேயிருந்து மேலே போகும். ஜனவரி 26-ல் கொடியை முன்னாலேயே உச்சியில் கட்டிவைத்திருப்பார்கள். ஜனாதிபதி அதை விரித்துவிடுவார். நேரு செங்கோட்டையில் முதன்முதலாகக் கொடி ஏற்றியது 1947 ஆகஸ்டு 16-ல்தான் என்று சொன்னால் பெரியவர்களே ஆச்சரியப்படுவார்கள்! மாநிலங்களில் முன்பெல்லாம் சுதந்திர தினத்திலும் கவர்னர்தான் கொடி ஏற்றுவார். அந்த உரிமை முதலமைச்சருக்கு வேண்டும் என்று அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி கேட்டார். 1974 முதல் எல்லா மாநிலங்களிலும் ஆகஸ்டு 15-ல் முதலமைச்சர்தான் ஏற்றுகிறார்.

இனி நம் சமையலறைக்கு வருவோம்.

நம் தாலிச்சரட்டிலும் வளையலிலும் எப்போதும் நாலு ஊக்கு தொங்குமே, அதை 1849-ல் அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் உருவாக்கினார். கம்பியின் ஒரு முனையைச் சுருட்டி ஸ்பிரிங் ஆக்கினார். கூர்முனை குத்தாமலிருக்க ஒரு தொப்பி வைத்தார். அவ்வளவுதான்! அந்த உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார், பாவம். ஊக்கை மட்டும் திறந்தபடி கீழே வைத்துவிடாதீர்கள். தவழும் குழந்தைக்குக் கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

"தீக்குச்சி பெட்டியில உரசினா பத்திக்குது, சுவத்துல உரசினா ஏன் பத்தலை?"

நல்ல கேள்வி! உரசினால் பற்றும் குச்சியை 1827-ல் விற்க ஆரம்பித்தவர் ஜான் வாக்கர் என்ற இங்கிலாந்து மருந்துக்கடைக்காரர். பின்னால் வந்த குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அது எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதோடு கொடிய விஷம். தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தாடை எலும்பே அழுகிப்போனது. 1844-ல் ஸ்வீடன் நாட்டு பாஷ் என்பவர் ஒரு வழி கண்டார். பற்றவைக்கும் மருந்தைக் குச்சியிலிருந்து பிரித்து, ஆபத்துக் குறைந்த சிவப்புப் பாஸ்பரஸாகப் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. இதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். சொன்ன கையோடு பெட்டியை உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்!

நம்மைப் போன்ற ஓர் இல்லத்தரசி செய்ததையும் கேளுங்கள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் அம்மாவுக்குக் காபியில் தூள் மிதப்பது பிடிக்கவில்லை. 1908-ல் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து அதில் விரித்து வடிகட்டினார். காகிதக் காபி பில்டர் அப்படிப் பிறந்தது! கையை வெட்டிக்கொண்டால் ஒட்டுகிற பிளாஸ்திரிக்கும் ஒரு சமையலறைக் கதை உண்டு. சமைக்கும்போது அடிக்கடி விரலில் காயம் பட்டுக்கொண்ட மனைவிக்காக அமெரிக்காவில் எர்ல் டிக்ஸன் 1920-ல் செய்தது அது. ஒட்டும் பட்டையில் நடுநடுவே துணி வைத்துத் தயாராகக் கொடுத்தார். அதுதான் பேண்ட்-எய்ட்.

கடைசியாக, குக்கர். 1679-ல் லண்டனில் இருந்த பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பின் எலும்பையே மெத்தென்று வேகவைக்கும் ஒரு பாத்திரம் செய்தார். அடைபட்ட நீராவி வெடித்துவிடக் கூடாதே என்று சேஃப்டி வால்வும் வைத்தார். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிய குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு சுமார் 120 டிகிரி வரை ஏறும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் குழைகிறது. "உள்ளே நீராவி முட்டி மோதுது கண்ணா, மிச்சத்தை வெளியே விடத்தான் வெயிட் தூக்குது" என்று சொல்லிப் பாருங்கள். வெறுமே "கிட்டே வராதே" என்பதைவிட இது மனசில் நிற்கும். நாமும் தினமும் வெயிட் போடும் குழாயை வெளிச்சத்தில் பார்த்து, அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகே மூட வேண்டும். நீராவி முழுதும் அடங்காமல் அவசரப்பட்டுத் திறக்கவே கூடாது.

பதில் தெரியாத கேள்வி வந்தால்? "எனக்கும் தெரியலை, சேர்ந்து பார்க்கலாம்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்வியைக் குழந்தையையே எழுதச் சொல்லி ஆணியில் குத்தி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோ தாத்தாவோ உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டிச் சேர்ந்து பதில் தேடட்டும். உங்கள் வீட்டு வாண்டுகள் கேட்டுத் திணற அடித்த கேள்விகளை எனக்கும் எழுதி அனுப்புங்களேன்! அடுத்த இதழில் பார்ப்போம்.