காஸ்டிக் இல்லாத சோப்பு கிடையாது

திருப்பதியிலும் சித்தூரிலும் கையால் செய்த சோப்பை வாங்கப் போனால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "இதுல கெமிக்கல் இல்ல, காஸ்டிக் இல்ல, எல்லாமே இயற்கை." தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். வேப்பிலை, மஞ்சள், கற்றாழை, ஆட்டுப்பால் என்று மேலே சேர்ப்பது மட்டும் மாறும். விற்பவர்கள் சொல்வதோடு இது நிற்கவில்லை. வீட்டிலேயே சோப்பு செய்யலாம் என்று கற்றுத்தருகிறவர்களில் பலரும் இதையே முதல் பாடமாக வைக்கிறார்கள். டுவாக்ரா என்னும் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்கள் நாலு காசு வரும் என்று நம்பிக் கற்றுக்கொள்ளும் தொழிலில், முதலில் காதில் விழுவதே பொய்யாக இருக்கக் கூடாது. இந்தப் பொய்யால் கைகூடச் சுட்டுப்போகும். அதனால்தான் இப்படிப்பட்ட பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

காஸ்டிக் இல்லாமல் சோப்பு செய்யலாம் என்பதில் தொடங்குவோம். செய்ய முடியாது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. காஸ்டிக் சோடா என்று நாம் சொல்லும் சோடியம் ஹைட்ராக்சைடு அந்தப் பிணைப்பை அறுக்கிறது. அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன, கிளிசரின் விடுபட்டு அதற்குள்ளேயே தங்குகிறது. கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்ததே கொழுப்பு என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் ஷெவ்ரல் 1823-இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கிவிட்டார். காரம் சேராத எண்ணெயை நாள் முழுக்கக் கடைந்தாலும் அது எண்ணெயாகவே இருக்கும்.

"நாங்க பேஸ் வாங்கி உருக்கித்தான் ஊத்துறோம், காஸ்டிக்கைத் தொடுறதே இல்ல" என்பார்கள். தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பேஸ் என்று கடையில் விற்கும் அந்த ஆயத்தச் சோப்புக் கட்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் காஸ்டிக் சேர்த்துச் செய்யப்பட்டது. சில பேஸ்களில் ஷாம்பூவில் போடும் நுரைப்பொருள்களும் கலந்திருக்கும். உருக்கி ஊற்றுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய அதுதான் ஏற்றது. அதைச் செய்துவிட்டு "காஸ்டிக் இல்லாத இயற்கைச் சோப்பு" என்று எழுதி ஒட்டுவதுதான் தவறு. சொல்ல வேண்டியது இதுதான்: சரியாக அளந்து செய்த சோப்பில் காஸ்டிக் போடப்பட்டிருக்கும், ஆனால் மிஞ்சியிருக்காது. போடுவது வேறு, மிஞ்சுவது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிய வைத்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

"பாட்டி காலத்து முறை" என்ற பேச்சும் நிற்காது. சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் பாட்டிகள் சோப்பு காய்ச்சவில்லை. தலைக்குச் சீயக்காய், குங்குடுகாய் என்கிற பூந்திக்கொட்டை, உடம்புக்குப் பயத்தமாவு, சுன்னிப்பிண்டி, துணிக்கு உவர்மண். பூந்திக்கொட்டையின் நுரை சபோனின் என்ற வேறொரு பொருளிலிருந்து வருவது. உவர்மண்ணில் இருப்பதோ சோடியம் கார்பனேட், அதுவும் காரம்தான். காஸ்டிக்கே கூடாது என்று மனதார நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது, இவை எல்லாமே நல்ல பொருள்கள். சோப்பு என்ற கட்டி நம் பக்கத்துக்கு வந்ததோ படித்துக் கற்ற வேதியியலாக. 1916-இல் பெங்களூரில் மைசூர் சமஸ்தானத்தின் சோப்புத் தொழிற்சாலை உருவானபோது, அதற்காகவே எஸ்.ஜி. சாஸ்திரி இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து வந்தார். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன் 1969-இல் தொடங்கிய மெடிமிக்ஸும் தேங்காய் எண்ணெய், மூலிகைகளோடு காரம் சேர்த்துக் கையால் செய்து வளர்ந்த சோப்புதான்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பேச்சு: "ஒரு டம்ளர் எண்ணெய்க்கு இத்தனை ஸ்பூன் காஸ்டிக், எந்த எண்ணெயா இருந்தாலும் பரவாயில்ல." டம்ளர் கணக்கு இங்கே உதவாது. காஸ்டிக் செதிலாகவும் கிடைக்கிறது, குருணையாகவும் கிடைக்கிறது. ஒரே ஸ்பூனில் இரண்டும் ஒரே எடை வராது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு எண்ணெயும் கேட்கும் காரத்தின் அளவு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128 போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் 300 கிராம், கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50, ஆக மொத்தம் 500 கிராம். தேவையான காஸ்டிக் 54.9, 20.4, 6.4 என்று கூட்டினால் 81.7 கிராம் வரும். இதில் 5 சதவீதத்தைக் குறைத்து 77.6 கிராம் மட்டும் போடுகிறோம். குறைத்த அளவுக்கு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். அளவில் சிறு பிசகு நேர்ந்தாலும் தோலைக் காப்பது இந்த மிச்சம்தான். காஸ்டிக்கைக் கரைக்க அதன் எடையைப் போல இரு மடங்கு, 155 கிராம் தண்ணீர்.

இப்போது இதே குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெயையே ஊற்றுகிறார் என்று வையுங்கள். சித்தூர் வேர்க்கடலை விளையும் மண். செக்கெண்ணெய் தெருமுனையிலேயே கிடைக்கும், தேங்காய் எண்ணெய்க்கு விலை கூட. ஆகவே இது நடக்கக்கூடியதுதான். 450 கிராம் கடலை எண்ணெயும் 50 கிராம் விளக்கெண்ணெயும் மொத்தமே 67.6 கிராம் காஸ்டிக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். போட்டதோ 77.6 கிராம். பத்து கிராம் காஸ்டிக் எண்ணெய் கிடைக்காமல் அந்தக் கட்டிக்குள் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், தேய்த்தால் எரியும். "காஸ்டிக் கெட்டது" என்று பயந்து சோப்பு செய்வதையே விட்டவர்களில் பலரைச் சுட்டது இப்படிப்பட்ட கணக்குப் பிழையாகத்தான் இருக்கும். ஒரு கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

கடலை எண்ணெயை மட்டும் நம்புவதில் வேறு சிக்கல்களும் உண்டு. கட்டி மெதுவாகவே இறுகும், நுரை குறையும், நாளாக ஆகச் சிக்கு வாடை அடித்து ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும். நல்லெண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இதே குணம். தேங்காய் எண்ணெய் கட்டியையும் நுரையையும் தரும், தனியாகப் போட்டால் தோலை வறட்டும். இரண்டையும் கலப்பது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்துப் பேச்சு ஒன்றும் இருக்கிறது: "காஸ்டிக் விஷம், வீட்டுல வச்சுக்கவே கூடாது." விஷம்தான், மறுக்கவில்லை. விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வை போகும். ஆனால் அடைப்பு நீக்கும் தூளாகப் பல வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது, பெயர் தெரியாமல். (அந்தத் தூளைச் சோப்புக்கு எடுக்கக் கூடாது, அலுமினியத் துகள்களும் வேறு உப்புகளும் அதில் கலந்திருக்கலாம். கெமிக்கல் கடையில் சுத்தமான காஸ்டிக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.) முறை தெரிந்தவர் இதை வீட்டில் கையாள முடியும். முறை இதுதான்.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை. பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம், ஜன்னல் திறந்த இடம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். போட்டதும் கரைசல் அடுப்பில்லாமலேயே 80 டிகிரியைத் தாண்டிச் சூடேறும், ஆவி கிளம்பும், அதை முகர்ந்துவிடக் கூடாது. அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். நம் சமையலறையில் பாதிப் பாத்திரம் அலுமினியம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எவர்சில்வரோ கெட்டியான பிளாஸ்டிக்கோ போதும். சோப்புக்கு எடுத்த பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. தோலில் தெறித்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 15, 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், வினிகரோ எலுமிச்சையோ தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியபின் எண்ணெயில் கரைசலை ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். மேலே கோடு போட்டால் அது மறையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது, இதை ட்ரேஸ் என்பார்கள். அச்சில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் கழித்து, உறை மாட்டிய கையோடு எடுத்து வெட்டலாம். திருப்பதியின் மே மாதத்தில் அறையே 40 டிகிரியைத் தொடும். கரைசல் பாத்திரத்தை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் ஆறவிட முடியும். வெல்லம், தேன், பால் சேர்த்தால் அச்சுக்குள்ளேயே மேலும் சூடேறிப் பொங்கும், முதல் முறைக்கு அவை வேண்டாம். போர்த் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

"ஆறு வாரம் காயவச்சா காஸ்டிக் போயிடும்" என்பார்கள். அளவு சரியாக இருந்தால் காஸ்டிக் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே எண்ணெயோடு சேர்ந்து முடிந்துவிடும். நாலு முதல் ஆறு வாரம் வைப்பது தண்ணீர் வற்றவும் கட்டி இறுகவும் நுரை மென்மையாகவும்தான். அளவு தவறிய கட்டியைக் காத்திருப்பு சரிசெய்யும் என்று நம்பக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளிசரின் ஈரத்தை இழுத்து மேலே முத்துமுத்தாக வியர்க்கும். காற்றோடும் இடத்தில் வைத்தால் அதனால் கெடுதல் இல்லை.

குழந்தைத் தோலுக்கு ஏற்ற பிஎச் 5.5 என்று கையால் செய்த சோப்பின் மேல் எழுதியிருப்பதையும் பார்க்க முடிகிறது. உண்மையான சோப்பின் பிஎச் 9-க்கும் 10-க்கும் பக்கத்தில் நிற்கும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் அது சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவப்பதும் இதே காரத்தால்தான். சோப்பைத் தோலின் பிஎச் அளவுக்கு எலுமிச்சை ஊற்றி இறக்கினால் அது உடைந்து மறுபடி பிசுபிசுப்பான கொழுப்பு அமிலமாகிவிடும். 5.5 உள்ள கட்டி வேண்டுமானால் அது சோப்பாக இருக்க முடியாது, சின்டெட் என்ற வேறு வகைக் கட்டி அது. திருமலையில் முடி காணிக்கை கொடுத்துவிட்டு இறங்குகிறவர்களின் மழித்த தலையில் இந்தக் காரத்தால் எந்தச் சோப்பும் எரியும். அங்கே சந்தனம் பூசுவது நல்ல வழக்கம். கைச்சோப்புக்கு உண்மையான சிறப்பு ஒன்று உண்டு: விடுபட்ட கிளிசரின் முழுவதும், மிஞ்சிய எண்ணெயும் அதற்குள்ளேயே இருக்கும். 500 கிராம் எண்ணெயில் 50 கிராமுக்கு மேல் கிளிசரின் வரும். பெரிய ஆலைகள் வழக்கமாக அதைப் பிரித்தெடுத்துவிடுகின்றன. இதைச் சொல்லியே விற்கலாம், பொய் எண் தேவையில்லை.

கடைசியாக, "வீட்டுல செய்றதுக்கு லைசென்ஸ் எதுக்கு?" வீட்டுக்காக என்றால் வேண்டாம். விற்பனைக்கு என்றால் வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டம் முதலில் சோப்பை அழகுசாதனக் கணக்கில் சேர்க்கவில்லை. 1982 திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இப்போது 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற்றே தயாரித்து விற்க வேண்டும். சொரியாசிஸ் தீரும், வெண்குஷ்டம் போகும் என்று விளம்பரம் செய்தால் மருந்துச் சட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்வோம். 2022 ஜனவரியில் 'நமாமி கோவிந்தா' என்ற பெயரில் சோப்பு உள்ளிட்ட பஞ்சகவ்யப் பொருள்களைக் கொண்டுவந்தபோது திருமலை தேவஸ்தானமே கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்றின் துணையைத் தேடிக்கொண்டது. குழுவாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு அச்சும் நிறமும் கொடுத்து அனுப்பும் பயிற்சியில், உரிம விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணெய்க் கணக்கு ஒரு தாள், பாதுகாப்பு ஒரு தாள், தெலுங்கிலும் தமிழிலும். காஸ்டிக் டப்பா மேல் ஒட்டும் சீட்டும் இரண்டு மொழியிலும் இருக்கட்டும். அந்த டப்பா பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், காலி தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது.