ஆமை நடத்திய பாடம்

தை மாதத்தில் ஒருநாள் மாலை மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பெரிய அமளி. பன்னிரண்டு வயதுப் பேத்திக்கு மறுநாள் காலைக்குள் மூன்று தர்மாகோல் பலகையும், ஒரு புட்டி பச்சை வர்ணமும், கொஞ்சம் பிளாஸ்டிக் புல்லும் வேண்டுமாம்.

"எதற்கு அம்மா இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில் 'பூமியைக் காப்போம்' கண்காட்சி, தாத்தா!" என்றாள்.

கடைத்தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். பூமியைக் காப்பதற்காக வந்த அந்தப் பலகைகள், கண்காட்சி முடிந்த மறுநாள் எங்கள் தெருக் குப்பைத் தொட்டியில் கிடந்தன. என் ஆயுளிலும் சரி, பேத்தியின் ஆயுளிலும் சரி, அவை மக்கி மண்ணாகப் போவதில்லை. ஆனால் பேத்திக்கு நூற்றுக்கு நூறு மார்க்குக் கிடைத்துவிட்டது!

இதற்காகப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எம்.ஸி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. மிகவும் நல்ல உத்தரவு. ஆனால் நம் நாட்டில் எந்த நல்ல விஷயமும் பாடப் புத்தகத்துக்குள் நுழைந்தவுடன் கேள்வியும் பதிலுமாக மாறிவிடுகிறது. "ஆமை எங்கே வாழும்?" "கடலில் வாழும்." ஒரு மார்க்கு. அதோடு ஆமையின் கதை தீர்ந்தது.

ஆனால் சென்னையிலேயே, கட்டடமும் மணியும் பரீட்சையும் இல்லாத ஒரு பாடசாலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அங்கே வகுப்பு ஆரம்பம். நீலாங்கரையிலிருந்து பெஸன்ட் நகர் வரையில் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைதான் வகுப்பறை. உபாத்தியாயர், பங்குனி ஆமை.

* * *

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பேத்தியை அழைத்துக் கொண்டு அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் எங்களை வரவேற்றார்கள். முதல் விதி, விளக்கு ஏற்றக் கூடாது. இரண்டாவது விதி, இரைந்து பேசக் கூடாது. என் பேத்தி ஐந்து நிமிஷத்துக்கு மேல் மௌனமாயிருந்து நான் பார்த்ததில்லை. அன்று நாலு மணி நேரம் மௌனமாக நடந்தாள்.

நடக்க ஆரம்பிக்கு முன்பே ஓர் இளைஞர் சில விஷயங்களைச் சொன்னார். வருஷந்தோறும் தை முதல் பங்குனி வரையில் இந்தக் கரைக்கு ஆமைகள் முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமை என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் மீனவர்கள். சாஸ்திரக்காரர்கள் நாட்குறிப்பும் கையுமாக வந்து ஆராய்வதற்கு எவ்வளவோ காலம் முன்பே, அது வரும் மாதத்தை அதன் பெயரிலேயே பொதிந்து வைத்துவிட்டார்கள். "நாங்கள் படித்த முதல் புத்தகம் இந்தக் குப்பத்துப் பெரியவர்கள்தான்" என்று அந்த இளைஞர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

நள்ளிரவு தாண்டியபின் முன்னால் சென்றவர் கையைத் தூக்கினார். ஈர மணலில் சிறு வண்டி ஒன்று போனதுபோல் ஒரு தடம் மேலேறிச் சென்றது. தடத்தின் முடிவில் அந்தத் தாய் இருந்தாள். பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்கு, குடத்தைப் போல் வயிறு அகன்ற ஒரு குழியைத் தோண்டி, அதில் பந்து பந்தாக முட்டைகளை இட்டுக் கொண்டிருந்தாள். நூறுக்குக் குறையாது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, நாற்பது கிலோ கனமுள்ள தன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தினாள். கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"அழுகிறதா, தாத்தா?" என்று பேத்தி என் காதோடு கேட்டாள்.

உடம்பில் சேரும் அதிக உப்பை அது கண் வழியாக வெளியேற்றுகிறது என்று பக்கத்திலிருந்த பெண் விளக்கினாள். பேத்தி தலையை ஆட்டினாள். ஆயினும் அவள் கண்ணில் இருந்தது உப்பு விவகாரம் மட்டுமல்ல.

தாய் கடலுக்குத் திரும்பிய பிறகு, இளைஞர்கள் முட்டைகளை ஜாக்கிரதையாக எடுத்துப் பெஸன்ட் நகர்க் கரையிலுள்ள வேலியிட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டு சென்றார்கள். விட்டுவிட்டால் நாய்களுக்கு இரையாகும். அங்கே அதே ஆழத்தில் புதைத்தார்கள். குஞ்சுகள் வெளிவர நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து நாள் ஆகும். மணலின் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். பூமி சூடேறுகிறது என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதன் பொருள் ஒரு பிடி மணலில் அடங்கியிருப்பதைப் பேத்தி அன்று தொட்டுப் பார்த்தாள்.

* * *

இந்தப் பாடசாலையின் சரித்திரமும் தெரிந்து கொள்ளத் தக்கது. 1970-களில் ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் இரவில் இக்கரையில் நடந்து முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். பின்னர்ச் சில காலம் வனத்துறை அந்தப் பணியைச் செய்தது. 1988-ஆம் ஆண்டில் நகரத்து மாணவர்கள் சிலர், யாருடைய உத்தரவும் இல்லாமல், இந்தப் பொறுப்பைத் தங்கள் தோளில் ஏற்றிக் கொண்டார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர், பிற்காலத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரானார். கடல் ஆமைகளைப் பற்றி உலகம் மதிக்கும் ஆராய்ச்சிகள் செய்தார்.

எல்லாரும் பேராசிரியராக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாணவர்களுக்கு யாரும் ஆமையைப் பற்றிப் பாடம் சொல்லவில்லை. ஆமையையே அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பாடம் சொல்வதற்கும் பொறுப்பை ஒப்படைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

காந்தி மகான் 1937-இல் வார்தா மகாநாட்டில் ஆதாரக் கல்வியைப் பற்றிச் சொன்னபோது, கை செய்யும் வேலையின் வழியாகவே அறிவு வளரவேண்டும் என்றார். அன்று தக்ளியைச் சொன்னார். இந்த மாணவர்கள் அதே தத்துவத்தைக் கடற்கரை மணலில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

* * *

திரும்பும் வழியில் அன்றைய வகுப்பின் கடினமான பாடம் காத்திருந்தது. அலை ஒதுக்கிய இடத்தில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. ஆமை கடலில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்து இறந்துவிடும். 2025-ஆம் வருஷம் ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இப்படி இறந்து ஒதுங்கின.

"யார் தப்பு?" என்று பேத்தி கேட்டாள்.

கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் சிக்கிய ஆமை தப்பி வெளியேற ஒரு வழி அமைக்கும் கருவியும் இருக்கிறது. ஆனால் விதி கடலுக்குத் தானே நடந்து போய்விடுமா? பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவரை மட்டும் பழிப்பதும் நியாயமில்லை. வேறொன்றையும் அன்று தெரிந்து கொண்டோம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, எங்கே வெளிச்சம் அதிகமோ அதுதான் கடல் என்று எண்ணி ஓடுகிறது. நம் தெரு விளக்குகளைக் கண்டு சாலைக்கு வந்து மடிகிறது. பருவ காலத்தில் கரையோர விளக்குகளை அணைக்கும்படி இளைஞர்கள் கேட்டு வருகிறார்கள். சில சமயம் அதிகாரிகள் இணங்கியும் இருக்கிறார்கள். ஆகையால் "யார் தப்பு?" என்ற கேள்விக்கு விடை, வலை வீசாத வீடுகளுக்கும் வந்து சேருகிறது.

எல்லாப் பள்ளிக்கும் கடற்கரை வாய்க்குமா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கபாலீசுவரர் கோயில் குளம் இருக்கிறது. அதில் எத்தனை படி நீருக்கு மேல் தெரிகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வைக்கட்டும். தியாகராய நகரில் பனகல் பார்க் மரங்கள் உண்டு. அடையாற்றுக் கழிமுகத்தில், 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா உண்டு. வீட்டுக் கிணறு இருந்தால் இன்னும் விசேஷம். மழை நீர் சேகரிப்புக்காகச் சேகர் ராகவன் வீடு வீடாகச் சென்று, கிணறுகளைப் பார்த்துப் பேசி, 2002-இல் மந்தைவெளியில் மழை இல்லம் என்ற நிலையத்தையும் தொடங்கினார். ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும்; பத்து வயதுப் பிள்ளை தன் தெருவின் நிலத்தடி நீரை அளந்துவிடலாம். தர்மாகோல் செலவும் மிச்சம்!

சித்திரை பிறந்த சில நாளில் பேத்தி என்னைப் பொரிப்பகத்துக்கு இழுத்துச் சென்றாள். அவள் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்த தேதி அது. உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகள் மணலில் தத்தி ஓடி அலையில் மறைந்தன. ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று சொல்வார்கள்.

கடைசிக் குஞ்சு போன பிறகும் அவள் நகரவில்லை. பின்னால் கடைத்தெரு விளக்குகள் பளிச்சிட்டுக் கொண்டிருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, விளக்கை அணைக்கச் சொல்லி யாருக்கு எழுத வேண்டும்?" என்று கேட்டாள்.

கண்காட்சியில் வாங்கிய நூறு மார்க்கைவிட இந்தக் கேள்விக்கு நான் அதிகம் போடுவேன். கடிதம் மறுநாளே தபாலில் போய்ச் சேர்ந்தது.