காதுக்குள் கேட்ட குரல்

1986-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சுகமளிக்கும் கூட்டம். போதகர் பீட்டர் போபாஃப் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, முன்பின் பார்த்திராத ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தார். என்ன நோய் என்பதையும் அவரே சொன்னார். முகவரிகூடத் தப்பவில்லை. அரங்கம் அல்லேலூயா முழக்கத்தில் அதிர்ந்தது. கர்த்தர் இவரோடு பேசுகிறார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பேசியது அவருடைய மனைவி. கூட்டம் தொடங்குமுன் வந்தவர்களோடு பேச்சுக் கொடுத்து விவரம் சேகரிப்பார்கள். ஜெபக் குறிப்புச் சீட்டுகளையும் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அரங்குக்கு வெளியே நின்ற வண்டியிலிருந்து அந்த விவரங்களை மனைவி ஒவ்வொன்றாக வாசிக்க, போதகரின் காதுக்குள் இருந்த சின்னஞ்சிறு ரேடியோ கருவியில் அது கேட்கும். மாயாஜாலக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தக் குரலைப் பிடித்துப் பதிவு செய்தது. ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராண்டி அதைப் போட்டுக் காட்டினார். மறுவருடமே போபாஃப் திவாலானதாக அறிவித்தார்.

ராண்டியின் குழு இன்னொன்றும் செய்தது. டெட்ராய்ட் நகரக் கூட்டத்துக்கு ஓர் ஆணைப் பெண் வேடமிட்டு அனுப்பியது. அவருக்கு இருந்த கர்ப்பப்பைப் புற்றுநோய் நீங்கிவிட்டதாக மேடையில் அறிவிக்கப்பட்டது!

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அதே கூட்டங்களில் போதகரின் பேச்சை நம்பி மக்கள் தங்கள் மருந்துப் புட்டிகளை மேடையை நோக்கி வீசினார்கள். இருதய நோய்க்கான மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள். வீசியவர்கள் வீடு திரும்பிய பின் அந்த இரவை எப்படிக் கழித்தார்கள் என்பதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை. கள்ளப்போதகம் என்பது வேதபாடப் பட்டிமன்றத்துக்கான தலைப்பு என்று நினைப்பவர்கள் அந்தப் புட்டிகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். கோழியின் உள்ளுறுப்பைக் காட்டி, புற்றுக்கட்டி வெளியே வந்துவிட்டது என்று நம்பவைத்த இன்னொரு போதகர் ஜிம் ஜோன்ஸ். அவரை நம்பி கயானா காட்டுக்குக் குடிபோன 900-க்கும் மேற்பட்டோர் 1978 நவம்பர் 18-இல் மடிந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுவர் சிறுமியர்.

அற்புதம் நடந்ததா இல்லையா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் விசுவாசிகள் செய்யும் பெரிய தவறு. உபாகமம் 13-ஆம் அதிகாரம் இதில் கறாராக இருக்கிறது. ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே பலித்தாலும், அவன் ஜனங்களைக் கடவுளைவிட்டு விலக்கினால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. அப்படியானால் எதைப் பார்ப்பது?

முற்காலத் திருச்சபையின் பதில் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ‘டிடாக்கே’ என்றொரு பழைய நூல் உண்டு. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பெயர். வெகுகாலம் காணாமல் போயிருந்த அதன் கையெழுத்துப் பிரதியை 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் பிலோதியோஸ் பிரையனியோஸ் கண்டெடுத்தார். ஊர் ஊராகச் செல்லும் ஊழியக்காரர்களை எப்படி எடைபோடுவது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வந்தவரை அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள், அவசியமானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் கொடுக்கலாம்; பணம் கேட்டால் அவரும் கள்ளத் தீர்க்கதரிசியே. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்கென்று பணம் கேட்பவனின் பேச்சைக் கேட்காதீர்கள், ஏழைகளுக்காகக் கேட்டால் குறை சொல்லாதீர்கள் என்றும் அந்நூல் பிரித்துக் காட்டுகிறது.

காணிக்கை வாங்கும் எல்லாரையும் சந்தேகிக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. போதகருக்கும் குடும்பம் உண்டு, சபைக்கும் மின்கட்டணம் உண்டு. கணக்கைக் கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். மூப்பரோ சாதாரண விசுவாசியோ வரவுசெலவு கேட்டால் கணக்குப் புத்தகம் வருகிறதா, அபிஷேகம் பெற்றவரை எதிர்த்துப் பேசினால் சாபம் வரும் என்ற மிரட்டல் வருகிறதா? பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பெரோயா பட்டணத்தாரை, நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. பவுலுக்கு வராத கோபம் இன்றைய மேடைப் பேச்சாளருக்கு ஏன் வர வேண்டும்?

போபாஃப் விஷயம் திவாலோடு முடியவில்லை. சில ஆண்டுகளில் தொலைக்காட்சிக்குத் திரும்பி, ‘அற்புத ஊற்றுநீர்’ என்று சிறு பொட்டலங்களை இலவசமாக அனுப்பத் தொடங்கினார். அடுத்தடுத்து நன்கொடை கேட்டுக் கடிதங்கள் போயின. 2005-இல் மட்டும் அவருடைய ஊழியத்துக்கு வந்த வருமானம் 2.3 கோடி டாலர். ஒலிப்பதிவோடு கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கே இவ்வளவு என்றால், பிடிபடாதவர்களைப் பற்றி என்ன சொல்வது?

குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு அவனை ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காண்பிக்கச் சொன்னார். நோய் உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று ஆராய்ந்து சொல்வது அந்நாளில் ஆசாரியனின் பொறுப்பு. சுகமளித்தவரே சோதித்துப் பார்க்க அனுப்பியிருக்கிறார். சுகம் பெற்றேன் என்று மேடையில் சாட்சி சொல்ல வருபவரை நிறுத்தி, “நாளைக்கே டாக்டரைப் பாருங்கம்மா, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும்வரை ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீங்க” என்று மைக்கிலேயே சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். நம்பிப் போக வேண்டிய கூட்டம் அவர்களுடையது.