சேர்த்ததும் சர்க்கார், கலைத்ததும் சர்க்கார்! பதக்கம் மட்டும் கிடையாதா?

பகல் முழுக்க பாக்டரி வேலை. ராத்திரியில் துப்பாக்கியோடு காவல். சம்பளம் கிடையாது. 2-வது உலகப் போரில் இங்கிலாந்தின் ஊர்க்காவல் படையினர் பட்ட பாடு இது.

இவர்களில் பல பேருக்கு ஒரு பதக்கம்கூட கிடைக்கவில்லை. காரணத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். அப்புறம் எரிச்சல் வரும்.

1940 மே 14-ந்தேதி ராணுவ மந்திரி ஆண்டனி ஈடன் ரேடியோவில் பேசினார். ஜெர்மன் படை பாராசூட்டில் இறங்கும் ஆபத்து இருக்கிறது, 17 முதல் 65 வயது வரை உள்ள ஆண்கள் வரவேண்டும் என்று அழைத்தார். போலீஸ் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது.

ஆரம்பத்தில் சீருடை இல்லை, கைப்பட்டைதான். துப்பாக்கி பற்றாக்குறை வேறு. இரும்புக் குழாயில் பழைய பயனெட்டை வெல்டிங் வைத்து ஈட்டியாகக் கொடுத்த கூத்தும் நடந்தது!

அதற்காக இவர்களைக் கேலி பேசிவிட முடியாது. கடற்கரை, பாலம், ரெயில் பாதை எல்லாம் இவர்கள் காவலில்தான். விமான எதிர்ப்பு பீரங்கியும் சுட்டார்கள். பணியில் உயிரை விட்டவர்கள் 1,206 பேர்.

ஜெயில் உண்டு, பதக்கம் இல்லை!

1942 பிப்ரவரியில் சட்டம் கடுமையானது. பல இடங்களில் ஆட்களைக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 4 வாரத்தில் 48 மணி நேரம் வரை டியூட்டி. மட்டம் போட்டால் 10 பவுண்டு அபராதம் அல்லது ஒரு மாதம் ஜெயில்!

1944 டிசம்பர் 3-ந்தேதி கடைசி அணிவகுப்பு. போதும், வீட்டுக்குப் போங்க என்று அனுப்பி விட்டார்கள்.

1945-ல் "பாதுகாப்பு பதக்கம்" வந்தது. ஊர்க்காவல் படைக்காரர் என்றால் 3 ஆண்டு சேவை வேண்டும் என்பது விதி.

இங்கேதான் வினை. 1942 பிப்ரவரிக்குப் பிறகு படைக்கு வந்தவர் ஒருநாள்கூட மட்டம் போடாமல் இருந்திருந்தாலும், 3 ஆண்டு எப்படிங்க நிறையும்? படையை மூடியது அவரா?

வெடிகுண்டு அகற்றும் பிரிவுக்கு 3 மாதமே போதும் என்றார்கள். அது எமனோடு விளையாடும் வேலை. யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால், ஒருவருக்காக அளவைக் குறைக்க முடிந்ததே! "படை கலையும்வரை இருந்தவருக்கும் உண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

கணக்கு நிறைந்தவர்களுக்கும் பதக்கம் தானாக வீடு தேடி வரவில்லை. மனு போடணும். நமக்கெதுக்கு என்று பலர் போடாமலே விட்டு விட்டார்கள்.

அது தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. செம்பும் நிக்கலும் கலந்த வட்டத் தகடு. வாங்கியவர் பெயர்கூட அதில் பொறிக்கப்படவில்லை. கொடுத்தால் கஜானா காலியாகி விடாது.

அந்தப் படையில் மிக இளையவருக்கே இன்று நூறு வயதை ஒட்டி இருக்கும். விதியோ மாறவில்லை. பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகம் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?