நாலு சில்லும் இழுக்கும் வண்டியும் தடுப்புப் பரிசோதனையும்

திருகோணமலையிலிருந்து மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் தமது ஜீப் வண்டியைத் தடுப்புப் பரிசோதனைக்காக வெளியூர்க் கராஜ் ஒன்றுக்குக் கொண்டு சென்றாராம். முன்னே நின்ற காரை உருளைப் பொறியில் ஏற்றி இரண்டே நிமிடத்திற் பார்த்து முடித்த பரிசோதகர், ஜீப்பைக் கண்டதும் "இதை ஏற்ற முடியாது, தெருவில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்" என்று கூறிவிட்டாராம். தந்தையாருக்குக் கோபம். சோம்பலால் சொன்ன சாக்கு என்று அவர் எண்ணுகிறார். மகனுக்கோ ஐயம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

பரிசோதகர் சொன்னதே சரி. தந்தையார் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

திருகோணமலை வாசகருக்கு இவ்வண்டிகளைப் பற்றி நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய யுத்தகாலத்திலேதான் அமெரிக்கா ஜீப் வண்டிகளை ஆறு லட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்தது. அதைப் பார்த்துப் பிரித்தானியர் செய்த லாண்ட் ரோவர் 1948இல் வெளிவந்தது. 1957இல் கடற்படைத்தளம் இலங்கை வசமான பின்னரும் மணலிலும் சேற்றிலும் காட்டுப் பாதையிலும் இத்தகைய வண்டிகளின் தேவை குறையவில்லை. இன்று ஜப்பானிய வண்டிகளே மிகுதி. ஆயினும் நாலு சில்லும் இழுக்கும் எந்த வண்டிக்கும் நம்மவர் வைத்த பெயர் ஜீப்தான். அந்த ஒரு பெயருக்குள் குணத்தால் வேறுபட்ட பல வண்டிகள் அடங்கியிருப்பதே இங்கே தொல்லை.

உருளைப் பொறி என்பது யாது? தரையிற் பதித்த இரும்பு உருளைகளின்மேல் வண்டியின் முன்சில்லுகள் இரண்டையும் ஏற்றி நிறுத்துவார்கள். மோட்டார் அவ்வுருளைகளை மணிக்கு ஐந்து கிலோமீற்றர் அளவான மெதுவான வேகத்திற் சுழற்றும். வண்டி நகராது, சில்லு மாத்திரம் சுழலும். சாரதி தடுப்பை மிதிக்கும்போது சில்லு உருளையை எவ்வளவு பலமாக இழுத்துப் பிடிக்கிறது என்பதைப் பொறி அளந்து காட்டும். பிறகு பின்சில்லுகளுக்கும் அவ்வாறே. சாதாரணக் காருக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. இடச்சில்லு பிடித்து வலச்சில்லு பிடிக்காதிருந்தால் அந்தக் கள்ளத்தனத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட வண்டியை அதில் ஏற்றினால் என்ன நடக்கும்? உருளை முன்சில்லைச் சுழற்றும். முன்சில்லு முன்தண்டைச் சுழற்றும். அது நடுவிலுள்ள பெட்டியின் வழியாகப் பின்தண்டைச் சுழற்றும். பின்சில்லுகளோ உருளையில் இல்லை, கெட்டித் தரையில் நிற்கின்றன. அவை சுழன்றால் வண்டி முன்னே பாயாமல் என் செய்யும்? என்ஜின் ஓடாத வண்டி தானாக உருளையை விட்டுத் தாவும். எதிரே ஆள் நின்றால் அவர் கதி அதோகதி. சில வண்டிகளில் நடுவிலே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய இணைப்பு ஒன்று உண்டு. முன்தண்டும் பின்தண்டும் வேறுவேறு வேகத்திற் சுழன்றால் அவ்வெண்ணெய் சூடேறி இரண்டையும் இறுகப் பிணைக்கும். அத்தகைய வண்டியை உருளையில் வைத்திருக்க வைத்திருக்க இணைப்புக் கெட்டுப்போகும், பாய்ச்சலும் நேரலாம்.

பழைய ஜீப்பிலே முன்னச்சை நெம்பினால் விலக்கிவிடலாம். விலக்கிய பின் அதுவும் காரைப் போலவே உருளையில் ஏறலாம். நெம்பு விலகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றுவதுதான் பிழை.

நிரந்தரமாகப் பிணைந்த வண்டிகளுக்காகச் சில பொறிகளில் ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்சில்லு இரண்டையும் தூக்கி நிறுத்திய ஒரு வண்டியில், நடுத்தண்டை அசையாமற் பிடித்துக்கொண்டு இடச்சில்லை முன்பக்கமாகச் சுழற்றினால், வலச்சில்லு அதே வேகத்திற் பின்பக்கமாகச் சுழலும். இது டிபரன்ஷியல் எனும் பற்சக்கரக் கூட்டத்தின் இயல்பு. ஆகவே உருளைகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சுழற்றினால் நடுத்தண்டு சும்மா நிற்கும், மற்ற அச்சுக்கு விசை போகாது, வண்டியும் தாவாது. முன்புறம் சுழலும் சில்லை மட்டும் அளந்து, பிறகு திசையை மாற்றி மற்றதை அளப்பார்கள். ஆனால் வழுக்கலைத் தடுக்கும் விசேஷ டிபரன்ஷியல் உள்ள வண்டிக்கு இந்த உபாயமும் ஆகாது.

அதே இயல்பு ஆளைக் கொல்லவும் வல்லது. பழைய ஜீப்பிலும், 2016இல் உற்பத்தி முடிவடைந்த லாண்ட் ரோவர் டிபெண்டர் வரையிலும், கைத்தடுப்பு சில்லிலே இல்லை. பெட்டியின் பின்னால் நடுத்தண்டிலே இருக்கிறது. கைத்தடுப்பை இழுத்தால் தண்டு மாத்திரம் பிடிபடும். பின்சில்லு இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும் வரையில் வண்டி அசையாது. ஒரு பின்சில்லை ஜக் வைத்துத் தூக்கிவிட்டாலோ, தரையில் நிற்கும் சில்லு உருளத் தடையில்லை. தூக்கிய சில்லு அந்தரத்தில் எதிர்ப்புறமாகச் சுழன்று அதற்கு வழிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் உவர்மலைச் சரிவிலே இதை நான் கண்ணாரக் கண்டேன். கைத்தடுப்பை இறுக இழுத்துவிட்டு, பின்சில்லைத் தூக்கி, தடுப்பைப் பார்ப்பதற்காக ஓர் இளைஞர் கீழே கையை நுழைத்திருந்தார். வண்டி மெல்ல நகர்ந்தது, ஜக் சாய்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டது அரை விநாடி முந்தி. "கைத்தடுப்பு நன்றாகத்தானே பிடித்தது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். பிடித்தது உண்மை, தண்டைப் பிடித்தது. சமதரையில் நிறுத்தி, முன்னச்சையும் பிணைத்து, சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பின்னரே இவ்வண்டிகளைத் தூக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் பாதையில் வண்டி ஏற்றிக் கடந்தவர்களுக்குக் கட்டையின் அருமை தெரியும்.

இனி, தெருவில் ஓட்டிப் பார்ப்பதற்கு வருவோம். பரிசோதகர் வண்டியின் தளத்தில் ஊசல் கொண்ட சிறு கருவியை வைத்து, மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டித் தடுப்பை மிதிப்பார். வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் கருவி சதவீதமாகக் காட்டும். வண்டியின் பாரத்திற் பாதியளவு தடுப்பு விசை இருந்தால் 50 சதவீதம். அந்நிலையில் 32 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, மிதித்த இடத்திலிருந்து சுமார் 8 மீற்றரில் நிற்கும். வேகம் 64 ஆனால் 16 மீற்றர் என்று நினைத்துவிடாதீர்கள். 32 மீற்றர் ஆகும். 1960இல் வாகனப் பரிசோதனையைத் தொடங்கிய பிரித்தானியாவில் இந்த 50 சதவீதமே நெடுங்காலமாகக் காற்தடுப்பின் அளவுகோலாக இருந்தது, கைத்தடுப்புக்கு 16. நிரந்தரமாக நாலு சில்லும் பிணைந்த வண்டிகளைச் சாதாரண உருளைப் பொறியில் ஏற்றக்கூடாது என்பதும் அங்குள்ள விதி.

தெருச் சோதனைக்கும் அபாயம் உண்டு. உலர்ந்த சமமான தெரு வேண்டும். பின்னால் வாகனம் வரலாகாது. வண்டிக்குள் ஜக், மண்வெட்டி, மீன்பெட்டி எதுவும் அவிழ்ந்து கிடக்கலாகாது. இருக்கைப் பட்டி அணிய வேண்டும். எடுத்த எடுப்பில் 32இல் மிதிக்காமல், முதலில் நடைவேகத்தில் மிதித்து வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டிலுள்ள கைத்தடுப்பை ஓட்டத்தில் வெடுக்கென்று இழுத்தால் தண்டே முறுகக்கூடும். அதைச் சரிவில் நிறுத்திப் பார்ப்பதே நலம், அதுவும் கீழே ஆளில்லாத சரிவில்.

துறைமுகப் பகுதியாருக்கு இன்னுமொன்று. உப்புக்காற்று, தடுப்பு எண்ணெய் செல்லும் இரும்புக் குழாயை வெளியிலிருந்து அரிக்கும். அந்த எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். மணலில் ஓடிய வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவி, துருவேறிய குழாயை மாற்றிய பின் பரிசோதனைக்குப் போங்கள். முழுப்பலத்துடன் மிதிக்கும் அந்தச் சோதனையிலேயே இற்றுப்போன குழாய் வெடிப்பதுண்டு.

கடிதம் எழுதிய மாணவர் தமது வண்டி எவ்வகையது என்று குறிப்பிடவில்லை. தந்தையாரோடு சேர்ந்து, சமதரையில், சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, ஜக் வைக்காமற் கீழே குனிந்து பார்க்கட்டும். நடுப்பெட்டியின் பின்னால், தண்டு தொடங்கும் இடத்தில் சிறு பானை போன்ற உருளி ஒன்று தெரிந்தால் கைத்தடுப்பு அங்கேதான். அதையும், முன்னச்சை விலக்கும் நெம்பு உண்டா இல்லையா என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அடுத்த முறை வண்டிச் சாவியோடு பரிசோதகர் கையில் கொடுக்கட்டும்.